ஒட்டகத் திமில் உயரம்

வாசலில் இப்போது யாரும் இல்லை.
கைப்பட்டையை ஒரு கண்ணாடி முகர்ந்து பார்த்து
பச்சையாக எரிகிறது. போகலாம்.

அப்போது ஒருவர் இருந்தார்.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து,
விரலிலிருந்து சோற்று வாசம் போவதற்குள்
ஷார்ஜாவின் பாதி ஜனம்
முத்துத் தீவு வாசலில் நிற்கும்.
"ஃபேமிலி?" என்பார் காவலர்.
ஃபேமிலி என்றால் உள்ளே.
ஊரில் மூன்று பிள்ளைகள் இருந்தாலும்
தனியாக வந்தவன் பேச்சிலர்,
வேலிக்கு வெளியே.

நாசரேத்து ஞானதுரை மாமா அப்படியொரு பேச்சிலர்.
வாப்பா கம்பெனியில் ஏசி மெக்கானிக்.
ஆறு நாள் ஊரைக் குளிர்வித்துவிட்டு
ஏழாம் நாள் சவரம் செய்த முகத்தோடு
எங்கள் படியேறுவார்,
உம்மாவிடம் என்னைக் கடன் கேட்க.

"மொகுதூமைக் கொஞ்சம் தாங்கக்கா,
மஃரிபுக்குள்ள கொண்டாந்து விட்டுருதேன்."
ஒரு கப் சீனி கேட்பதுபோல் இருக்கும்.

காவலர் திரும்புவதற்குச் சற்று முன்
என் கையை இறுக்கிப் பிடிப்பார்.
தாண்டிய பிறகு விட மறந்துவிடுவார்.

ரோலர் கோஸ்டர் வரிசையின் முனையில்
பலகையில் வெட்டிய ஒட்டகம்
பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்.
அதன் திமிலைத் தலை தொட்டால் ஏறலாம்.
எனக்கு இரண்டு விரற்கடை குறைவு.
ஒரு வாரம் ஷூவுக்குள் டிஷ்யூ மடித்து வைத்தேன்.
இன்னொரு வாரம் முடியை நனைத்து நிமிர்த்தினேன்.
ராட்டினக்கார மலையாளி
உச்சந்தலையில் தட்டி எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு
"அடுத்த ஆழ்ச்ச வா மோனே" என்பார்.

மாமாவுக்கு அதில் வருத்தமே கிடையாது.
இடுப்பிலிருந்து டேப்பை உருவி
குதிகாலிலிருந்து அளப்பார்.
சிகரெட் அட்டையைக் கிழித்து
எண்ணை எழுதிக்கொள்வார்: 112.

அப்புறம் ரோலாவில் ஒரு துணிக்கடை.
இளமஞ்சள் ஃப்ராக்கை
என் தோளில் வைத்துப் பார்ப்பார்.
கடைப் பையன்கள் சிரிப்பார்கள், எனக்கு உயிர் போகும்.
"அசையாதடே. ஜாய்லினும் உன் மாசந்தான்."
மூன்று வருட விடுப்பைக் காசாக்கிக்கொண்டவர்.
கடைசியாகப் பார்த்தபோது அவள்
சாப்பாட்டு மேசைக்கு அடியில்
குனியாமல் நடப்பாளாம்.

நான் திமிலைத் தொட்ட வெள்ளிக்கிழமை
லகூன் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.
மாமா பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"இவ்ளோ ஆயிட்டாளா" என்றார்.

ஆயிட்டானா என்று சொல்லவில்லை.
காது சரியாகக் கேட்கவில்லை என்று
வெகுநாள் நினைத்திருந்தேன்.

பெட்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து
கண்ணை மூடிக்கொண்டார்.
உச்சியில் கடல் தெரிந்தது, கப்பல் தெரிந்தது.
நான் மட்டும்தான் பார்த்தேன்.

முத்துத் தீவுக்கு இப்போது வேறு பெயர்,
ஒரே மூச்சில் சொல்ல முடியாத பெயர்.
ராட்டினம் நின்ற இடத்தில் குளிரூட்டிய கூடம்.
கண்ணை மறைத்த பிள்ளைகள்
நாற்காலியில் இருந்தபடியே
மலையிலிருந்து விழுகிறார்கள்.
பித்தளை டோக்கன் இல்லை,
அதை வைத்திருந்த கையில் மறுநாள் வரை இருக்கும் வாடை இல்லை.
ஒட்டகம் இல்லை.
திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன்.

அதற்குள் அவர்கள் எதிரே வந்தார்கள்.
நான்கு பேர், ஒரே கம்பெனி பஸ்.
நீர்ச்சறுக்கில் தொப்பலாக நனைந்தும்
ஒருவர் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை.
போனைத் தலைக்குமேல் தூக்கிச் சுழன்றபடி
"தெரியுதாடீ? இந்தா, தெரியுதா?"
ராமநாதபுரத்துக் குரல்.
யார் வீட்டுப் பிள்ளையையும் கடன் வாங்காமல்
உள்ளே வந்திருக்கிறார்கள்.

என்ன சொல்ல.
ஓரமாக நின்று
அவர்கள் படத்துக்குள் நான் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

வெளியேறும் வழியில் ஒரு கம்பம்.
அடியில் நின்றால் உயரம் சிவப்பில் எரிகிறது.
171.
பின்னால் ஒரு சிறுமி
பொறுமையிழந்து காலை மாற்றி மாற்றி வைத்தாள்.
நகர்ந்தேன்.
எண்ணை எழுதிக்கொள்ள
சிகரெட் அட்டை தேடிச் சட்டைப் பையைத் தடவினேன்.

நான் புகைப்பதில்லை.